கத்திக்கு முன்னால் ஒரு திரை

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த பெண்களில் என் அக்கா மட்டும்தான் தண்ணீர் குடிக்கவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சிறுநீர்ப்பை நிரம்புவதற்காகக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் கர்ப்பிணிகள். எதிர்ச்சுவரில் அந்தப் பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே கண்டறிந்து சொல்லப்படமாட்டாது, அது சட்டப்படி குற்றம். அக்கா அதை மெதுவாகப் படித்து முடித்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். "நம்ம கட்டி ஆணா பெண்ணான்னு கேட்டா மட்டும் சொல்லுவாங்களாடி?"

அக்கா என்றால் பெரியம்மா மகள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம், வயது 52. நான்காவது கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தலையில் முடி இல்லை, நக்கல் குறையவில்லை.

உள்ளே கையைத் தலைக்குப் பின்னால் மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். ஜெல் தடவினார்கள். திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் ஒரு கையால் கருவியை அழுத்தி நகர்த்தி, மறுகையால் திரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புள்ளிக்கோடு இழுத்து அளந்தார். "எவ்வளவு இருக்கு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். "ரிப்போர்ட்ல வரும்மா" என்றார் அவர். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது, என் கைக்கு வந்தது. முதல் ஸ்கேனில் 46க்கு 38 மில்லிமீட்டர். இப்போது 24க்கு 19. வீட்டுக்கு வந்ததும் அக்கா நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் 46 என்று எழுதி, அதன் கீழே 24 என்று எழுதினாள். "பாதியாயிட்டா?" என்றாள். நீளத்தை மட்டும் பார்த்தால் ஏறத்தாழப் பாதி. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்தால் கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே. எதைச் சரியென்று சொல்வது? தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அந்த நேரத்தில் அது தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எண்ணைத் தேடிப் போன இடத்தில், கத்தி படுவதற்கு முன் தன் உடம்பைப் பற்றி ஒரு பெண் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்ற பழைய வழக்கு கிடைத்தது.

1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னியின் வலது முலை அகற்றப்பட்டது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அறுத்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லார்ரே. இன்றுதான் அறுவை என்பது அன்று காலைதான் பர்னிக்குத் தெரிவிக்கப்பட்டது. கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போர்த்தினார்கள். துணி மெல்லியது என்பதால் சுற்றி நிற்பவர்களையும் கத்தியின் பளபளப்பையும் அதன் ஊடாகவே அவர் பார்த்தார். இதையெல்லாம் பிறகு தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க அவருக்கு மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

மயக்க மருந்து வந்த பிறகு அந்தக் கைக்குட்டை தேவைப்படவில்லை. வலி போனது, அதோடு பார்வையும் போனது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894இல் தன் முறையை வெளியிட்டார். முலை, அதன் அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளின் நெறிகட்டிகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுப்பது. புற்று ஒரு மையத்திலிருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது, எனவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது நம்பிக்கை. முக்கால் நூற்றாண்டு அது ஆண்டது. கையை உயர்த்த முடியாமல், வீங்கிய கையோடு, குழிந்த நெஞ்சோடு வாழ்ந்த பெண்களின் எண்ணிக்கையை யாரும் சரியாக எழுதிவைக்கவில்லை.

அந்த முறையோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வழக்கம் என்னை அதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது. கட்டி இருக்கிறது என்று வந்த பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்துவார்கள். கட்டியில் ஒரு துண்டை வெட்டி, உறையவைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று என்றால் அதே மயக்கத்திலேயே முலையை எடுத்துவிடுவார்கள். அவள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருப்பாள். கண் விழிக்கும்போது நெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் தனக்குப் புற்றுநோய் இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வாள்.

இதற்கு மறுத்தவர் ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 1974இல் தன் முலையில் கட்டியைக் கண்டார். முதலில் பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், விழித்தபிறகு நான் முடிவு செய்கிறேன் என்றார். அதற்குச் சம்மதிக்கும் மருத்துவரைத் தேடித்தேடி அலைந்தார். 1975இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவில் மருத்துவரல்லாத அவரும் இடம்பெற்றார். ஹால்ஸ்டெட் அறுவை இனி வழக்கமான சிகிச்சையாக இருக்க வேண்டியதில்லை, பயாப்ஸியும் அறுவையும் தனித்தனியாக நடக்கட்டும் என்று அந்தக் குழு சொன்னது. இரண்டு வாரமோ மூன்று வாரமோ, ஒரு பெண் விழித்திருந்து யோசிக்க ஓர் இடைவெளி கிடைத்தது. அக்கா நாள்காட்டித் தாளில் எண் எழுதுவது அந்த இடைவெளியில்தான்.

இனி திரையின் கதை. அல்ட்ராசவுண்ட் என்றதும் நம் மனதில் வருவது வயிற்றுக்குள் கைகால் அசைக்கும் குழந்தை. 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜான் வைல்ட் என்ற அறுவை மருத்துவரும் ஜான் ரீட் என்ற பொறியாளரும் இந்த ஒலியை முலைக்குள் அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். ரேடார் பயிற்சிக்காகக் கடற்படை வைத்திருந்த கருவியில்தான் வைல்ட் தன் முதல் சோதனைகளைச் செய்தார். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போகிறது. கொழுப்பு, சுரப்பி, நீர்க்கட்டி, திடக்கட்டி ஒவ்வொன்றும் அதை வேறுவேறு விதமாகத் திருப்பி அனுப்புகிறது. 1952இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'உயிருள்ள, சிதையாத மனித முலை' என்று பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. முலையை ஆராய்வது என்றால் வெட்டி எடுத்ததை ஆராய்வது என்றிருந்த காலம் அது. ஆராய்ச்சித் தலைப்புகள் என்னைப் பொதுவாக அசைப்பதில்லை. இது அசைத்தது.

அந்தக் கருவி நம் நாட்டுக்கு வந்து பெருகியபோது எதைப் பார்க்கப் பயன்பட்டது என்று நமக்குத் தெரியும். 1991 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள். 2001இல் 927. 1994இல் சட்டம் வந்தது, 2003இல் திருத்தம் வந்தது. அதனால்தான் ஒவ்வொரு ஸ்கேன் கருவிக்கும் பதிவு, ஒவ்வொரு அறையிலும் பலகை, எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவிகளுக்குக் கட்டுப்பாடு. வெளிநாடுகள் பலவற்றில் சோனோகிராபர் என்ற பயிற்சி பெற்ற பணியாளர் செய்யும் ஸ்கேனை இங்கே டாக்டர்தான் செய்ய வேண்டும். சட்டத்தைக் குறை சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன், அது தேவைப்பட்ட சட்டம். ஆனால் கிராமத்துப் பெண்ணின் முலையைப் பார்க்க அந்தக் கருவி கிராமத்துக்கு எளிதாகப் போக முடியாததற்கு, மகள் வேண்டாம் என்று அந்தக் கருவியிடம் போய் நின்ற குடும்பங்களும் காரணம். அக்காவின் நக்கல் அவள் நினைத்ததைவிட ஆழத்தில் குத்தியது.

அறுவைக்கு முன்பே கீமோ கொடுக்கும் வழக்கத்துக்கு அரை நூற்றாண்டு வயதுதான். 1970களில் மிலான் நகரில் போனடோனாவின் குழு, நேரடியாக அறுக்க முடியாத அளவு பெரிதாகிவிட்ட கட்டிகளுக்கு முதலில் மருந்தைக் கொடுத்துச் சுருக்கிப் பார்த்தது. அதில் முக்கியமானது அட்ரியாமைசின். இத்தாலியின் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது, அட்ரியாடிக் கடலின் பெயரைச் சுமப்பது. கீமோ வார்டில் அதற்குச் சிவப்பு மருந்து என்று பெயர். அக்கா அதை ரோஸ்மில்க் என்பாள்.

பிறகு 1988இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1523 பெண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு அறுவைக்கு முன் கீமோ, மறு பிரிவுக்கு அதே கீமோ அறுவைக்குப் பின். உயிர் பிழைப்பதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் முன்பே கீமோ பெற்றவர்களில் 100க்கு 68 பேர் முலையை இழக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் அது 60. இன்னொன்றும் தெரிந்தது. அறுத்தெடுத்த திசுவில் புற்று செல்லே இல்லாத அளவுக்கு மருந்து வேலை செய்த பெண்கள் நெடுநாள் வாழ்ந்தார்கள். கட்டியை முதலில் எடுத்துவிட்டால் மருந்து வேலை செய்கிறதா என்று காட்ட எதுவும் மிஞ்சாது. உள்ளேயே இருந்தால் அது சாட்சி. எதிரியையே சாட்சியாக வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கி எழுவது எப்படி இருக்கும் என்பதை அக்காவிடம் கேட்டேன். "பூனை எலியைத் தின்னுக்கிட்டு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் படுப்பேன்" என்றாள்.

சரி, சாட்சியை எப்படி விசாரிப்பது? நெடுங்காலம் விரல்தான். 1976இல் வெளியான ஒரு சோதனை எனக்குப் பிடித்தது. 12 உருண்டைகளை மெத்தைமேல் வைத்து, அதன்மேல் ரப்பர் நுரையைப் போர்த்தி, அனுபவம் வாய்ந்த 16 புற்றுநோய் மருத்துவர்களை அழைத்து அளக்கச் சொன்னார்கள். ஒரே உருண்டைக்கு ஆளுக்கொரு அளவு. சில உருண்டைகளின் அளவு ஒன்றே என்பது அவர்களுக்குத் தெரியாது. சுருங்காத உருண்டை சுருங்கியதாகக் கணக்கில் வந்தது. இந்த அனுபவத்திலிருந்துதான், நீளத்தை அகலத்தால் பெருக்கிய தொகை பாதியாவது குறைந்தால்தான் மருந்துக்குக் கட்டி பதில் சொன்னதாகக் கொள்வோம் என்ற கணக்கு நிலைபெற்றது. 2000இல் வந்த புதிய விதி அகலத்தை விட்டுவிட்டு, மிக நீளமான விட்டம் 30 சதவீதம் குறைந்தால் போதும் என்றது. அக்காவின் கட்டி இரண்டு கணக்கிலும் தேறியது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

விரலைவிட ஒலி நன்றாக அளக்கிறதா? ஹூஸ்டனில் 189 பெண்களை வைத்துப் பார்த்து 2006இல் எழுதினார்கள். கீமோவுக்குப் பிறகு கணித்த அளவு, அறுத்தெடுத்துப் பார்த்த உண்மை அளவோடு ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தது விரலுக்கு 66 சதவீதம், மேமோகிராமுக்கு 70, அல்ட்ராசவுண்டுக்கு 75. விரலைவிட மேல், ஆனால் நான்கில் ஒருவருக்குத் தவறுகிறது. தவறுவது இரண்டு பக்கமும் நடக்கும். மருந்து புற்று செல்களைக் கொன்றபிறகு அந்த இடத்தில் தழும்பு கட்டிப்போகலாம். திரையில் அது கட்டியைப் போலவே கறுப்பாகத் தெரியும். அல்லது கட்டி மெழுகுபோல ஒரே உருண்டையாகக் கரையாமல், உதிர்த்த மாதுளை முத்துகளாகச் சிதறிச் சிறுசிறு கூட்டங்களாக ஒளிந்திருக்கலாம். அப்போது திரையில் ஒன்றுமே தெரியாது. எம்.ஆர்.ஐ. பொதுவாக இன்னும் துல்லியமாகப் பார்க்கும். அதன் கட்டணத்தைக் கேட்டதும் அக்கா, "அதுக்கு ஒரு பவுனு விக்கணும்" என்று முடித்துவிட்டாள். கொஞ்சம் மிகைதான், ஆனால் அடிக்கடி எடுக்கக்கூடியது அவளுக்கு இந்த ஒலிதான். ஊசி வேண்டாம், கதிர்வீச்சு இல்லை.

அந்த 2000ஆம் ஆண்டு விதிகளே அல்ட்ராசவுண்ட் அளவைப் பெரிதாக நம்பவேண்டாம் என்கின்றன. கருவியைப் பிடிக்கும் கையைப் பொறுத்து எண் மாறுமாம். கையைப் பொறுத்தது என்ற சொல்லை நான் இழிவாகக் கேட்பதில்லை. பிரசவம் பார்த்த கிழவிகளின் அறிவையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். ஆனால் இங்கே அந்த எச்சரிக்கை நியாயமானது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர், வேறு வேறு கோணம் என்றால் 24 என்பது 27 ஆகும், 27ஐப் பார்த்து ஒரு குடும்பம் அழும். முடிந்தவரை ஒரே இடம், ஒரே கை, முந்தைய படங்கள் பக்கத்தில். கடிகார முள் எந்த மணியில் நிற்பதுபோல் கட்டி இருக்கிறது, காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி, அக்குளில் நெறிகட்டி எப்படி என்ற குறிப்புகள். கேட்டு வாங்க வேண்டியவை இவை.

இந்த அளவை வைத்து மருந்தையே மாற்றிப் பார்த்தவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். 2002 முதல் 2005 வரை ஏறத்தாழ 2000 பெண்கள். இரண்டு கீமோ முடிந்ததும் கட்டியை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். 622 பேருக்குப் போதுமான அளவு சுருங்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு மருந்தை மாற்றினார்கள், பாதிப் பேருக்கு அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். மாற்றியதால் கட்டி கூடுதலாகச் சுருங்கவில்லை. இரண்டு பக்கமும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் சுருங்கியது. ஆனால் 2013இல் திரும்பப் பார்த்தபோது, கட்டி சொன்ன பதிலுக்கேற்ப மருந்தை மாற்றியோ நீட்டியோ கொடுக்கப்பட்ட பெண்கள், மற்றவர்களைவிட அதிக காலம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு எடுக்கும் ஒரு ஸ்கேன் வெறும் சடங்கு இல்லை என்பதற்கு இது போதும்.

நம் ஊரில் இந்தச் சிகிச்சை முறை அழகைக் காப்பாற்ற வந்ததில்லை. பெண்கள் தாமதமாக வந்ததால் வந்தது. தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் அமைப்பின் வழியாக நிதி திரட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டு சாந்தா அங்கே சேர்ந்தார், 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1990 முதல் 1999 வரை முற்றிய நிலையில் அங்கு வந்த 1117 பெண்களின் கணக்கை அவரும் உடனிருந்தவர்களும் பின்னாளில் வெளியிட்டார்கள். அவர்களுக்கு அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 100க்கு 45 பேருக்கு, அறுத்தெடுத்த முலையில் புற்று செல் மிச்சமில்லை. பெரிய எண்தான். ஆனால் ஒரே மருத்துவமனையில், பத்தே ஆண்டில், 1117 பெண்கள் கட்டி முற்றியபிறகு வந்திருக்கிறார்கள் என்ற இன்னோர் எண்ணும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஏன் தாமதம் என்று கேட்டால் பணம், தூரம், வீட்டு வேலை என்று பதில் வரும். எல்லாம் உண்மை. சொல் என்று ஒன்றும் இருக்கிறது. என் வகுப்பில் சங்கப் பாடல் நடத்தும்போது முலை என்ற சொல் வந்தால் இன்றும் பெஞ்சுகள் குனிகின்றன. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்தபோது எழுந்த கூச்சலை எங்கள் தலைமுறை மறக்காது. அக்கா முதன்முதலில் ஒரு மருத்துவமனைக்குத் தனியாகப் போனபோது, சீட்டு எழுதும் ஆணிடம் "நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும்தான் சொன்னாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் மூன்று மாதம் வீட்டில் இருந்தாள்.

24க்கு 19 என்று வந்த அன்றே, கட்டிக்குள் ஊசி வழியாக ஓர் உலோகக் கிளிப்பை வைத்தார்கள். மருந்து நன்றாக வேலை செய்தால் வரும் சிக்கலுக்கு அது முன்னேற்பாடு. கட்டி முழுவதும் மறைந்துவிட்டால், அது இருந்த இடம் எது என்று அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். கிளிப்புக்கு வழியில்லாத இடங்களில் தோல்மேல் பச்சை குத்தியும் அடையாளம் வைப்பதுண்டு. "ஆட்டுக்கு அடையாளம் போடுற மாதிரி" என்றாள் அக்கா.

எட்டு கீமோவும் முடிந்தபிறகு எடுத்த ஸ்கேனில் வேறொரு டாக்டர். நடுவயதுப் பெண். அக்கா கேட்பதற்கு முன்பே திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிற அலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு. "இது நாங்க வெச்ச கிளிப்பும்மா. இதைச் சுத்தித்தான் கட்டி இருந்துச்சு. இப்ப கண்ணுக்குத் தெரியல." அக்கா தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தாள். தாளில் 0 என்று எழுதினாள்.

அன்று இரவே சண்டை தொடங்கியது. "இல்லாததை எதுக்குடி அறுக்கணும்? அவங்களே இல்லைன்னு சொல்லிட்டாங்க. நானே கண்ணால பார்த்தேன்." பெரியம்மா அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். கோயிலுக்கு முடிந்து வைத்த காசைக்கூட எடுத்துவிட்டார். என்னால் உடனே மறுக்க முடியவில்லை. முடிவை அவளிடமே விட வேண்டும் என்று மேடையில் பேசுகிற நான், அவள் முடிவெடுத்தபோது பதறினேன். கடைசியில் ஹூஸ்டன் எண்ணைத்தான் எடுத்து வைத்தேன். திரை நான்கில் ஒரு தடவை தவறாகச் சொல்லும், மாதுளை முத்து சிதறியிருந்தால் அதற்குத் தெரியாது, நீ பார்த்தது கட்டி இல்லை என்பதைத்தான், புற்று இல்லை என்பதை அல்ல என்றேன். "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அறுவை மருத்துவரிடம் அவளே போய், முலையை முழுக்க எடுப்பீர்களா, கிளிப் இருக்கிற இடத்தை மட்டுமா என்று கேட்டு, எந்தப் பக்கம் தழும்பு வரும் என்று விரலால் வரைந்து காட்டச் சொல்லிவிட்டு, தேதி குறித்துக்கொண்டு வந்தாள்.

கிளிப்பைச் சுற்றிய பகுதியை மட்டும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து நோய்க்கூறு ரிப்போர்ட் வந்தது. 3 மில்லிமீட்டர் மிச்சம் இருந்திருக்கிறது. ஓரங்கள் சுத்தம்.

நாள்காட்டித் தாளை எடுத்து 0க்குக் கீழே 3 என்று எழுதினாள். "அந்த சைபரை அடிச்சிரட்டுமா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். கதிர்வீச்சு தொடங்கும் தேதியை அதன் பக்கத்தில் எழுதி, தாளை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள்.